ஏபிஎல் மரபுத்தொடர்த் தொகுப்புகள்: தேடலின் பயனும் விளக்கவரியின் பொறுப்பும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கிளைத்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை அடையும் சாலையின் இருபுறமும் பரவியுள்ள வாகன, உதிரிபாக ஆலைகளில் ஒரு தண்டின் விட்டத்தைக் காட்டும் தனி எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. ஒரு ஷிப்டில் குறித்த இடைவெளியில் ஐந்தைந்தாக எடுக்கப்படும் அளவுகள் அட்டவணையாகத் திரண்டு, ஒவ்வொரு கிடைவரிசைக்கும் சராசரியும், பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வேறுபாடாகிய வீச்சும் கணக்கிடப்பட்ட பின்னரே, வால்டர் ஷூவார்ட் 1924இல் முன்வைத்த கட்டுப்பாட்டு வரைபடம், அதாவது ஆலைகள் கன்ட்ரோல் சார்ட் என்று வழங்குவது, உருப்பெறுகிறது. அத்தகைய அட்டவணையை எண் எண்ணாகப் பிரித்துச் சுற்றிச் சுற்றிக் கணக்கிடாமல், முழுமையாக ஒரே மூச்சில் எடுத்தாளும் கணினி மொழிகளே அணி நிரல்மொழிகள். அவற்றுக்கெல்லாம் தாய் ஏபிஎல்.

கென்னத் ஐவர்சன் 1962இல் வெளியிட்ட நூலில் ஏபிஎல், கணிதத்தைத் தெளிவாக எழுதுவதற்கான குறியீட்டு முறையாகவே அமைந்திருந்தது; ஐபிஎம் கணினியில் இயங்கும் மொழியாக அது மாறியது 1960களின் நடுவில்தான். அதில் ⌈/ என்பது ஒரு வரிசையின் மிகப் பெரிய எண்ணையும் ⌊/ என்பது மிகச் சிறியதையும் தரும். ஆகவே (⌈/-⌊/) என்னும் ஏழு குறிகளே வீச்சு. இதற்கு ஒரு பெயர் சூட்டினால், அந்தப் பெயரும் ஏறக்குறைய கணக்கின் நீளமே இருக்கும். பெயர் வைப்பதைவிட அப்படியே எழுதுவது எளிது என்ற நிலை வந்ததும், அடிக்கடி திரும்பும் குறிக்கோவைகள் பேச்சுமொழியின் மரபுத்தொடர்களைப் போல ஒரே மூச்சில் எழுதப்படவும் படிக்கப்படவும் தொடங்கின. ஆலன் பெர்லிஸும் ஸ்பென்சர் ருகாபரும் 1979இல் இவ்வழக்கத்தை ஆராய்ந்து எழுதினர். பின்லாந்தின் ஏபிஎல் சங்கம் 1980களில் எழுநூறுக்கும் மேற்பட்ட தொடர்களைப் பட்டியலிட்டது. இன்று டயலாக் ஏபிஎல் என்னும் வடிவத்தின் பயனர்களுக்காக உள்ள ஏபிஎல்கார்ட் என்னும் தேடல் தொகுப்பு, வேண்டிய செயலைச் சொற்களில் இட்டால் அதற்குரிய குறிக்கோவையைக் காட்டுகிறது.

இவ்வழக்கத்தின் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. தமிழில் இதற்கு ஒப்பு நோக்கத்தக்கது கணக்கதிகாரம். காரி நாயனார் இயற்றிய அந்நூல், பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது போன்ற வழிகளை மனப்பாடத்துக்கு ஏற்ற செய்யுள்களாகத் தருகிறது. வழி நினைவில் நிற்கிறது. ஆறும் ஐந்தும் ஏன் என்பது செய்யுளுக்குள் இல்லை. ஏபிஎல் மரபுத்தொடரிலோ வழியும் அதன் காரணமும் ஒரே எழுத்தில் குடியிருக்கின்றன. ∨\ என்பதை எடுத்துக்கொள்ளலாம். எல்லை மீறிய அளவை 1 என்றும் மீறாததை 0 என்றும் குறித்தால், 0 0 1 0 0 என்ற வரிசையை அது 0 0 1 1 1 ஆக்குகிறது. ஒருமுறை மீறல் நேர்ந்த பின் வந்த அனைத்தையும் ஒதுக்க வேண்டும் என்ற ஆலை விதி இரண்டே குறிகளில் அடங்குகிறது. ‘அல்லது’ என்னும் தருக்கச் செயல் இடமிருந்து வலமாகச் சேர்ந்துகொண்டே போகிறது என்று அறிந்தவர், இதே உத்தி வேறு எங்கெங்கு பயன்படும் என்பதையும் தாமே காண்கிறார். கண்டெடுத்த பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்க இடம் தரும் தொகுப்பு அரிது. அந்த வகையில் இது உண்மையான பள்ளி.

ஆனால் இதே எடுத்துக்காட்டுதான் குறையையும் காட்டுகிறது. அளவு எடுப்பது இடைவெளி விட்டு நடப்பதால், கோளாறு தொடங்கியது மீறல் தெரிந்த கணத்தில் என்று கொள்ள முடியாது. கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பின் உருவான பொருள்கள் எல்லாமே ஐயத்துக்குரியவை. ∨\ முன்னோக்கி மட்டுமே செல்கிறது. தொகுப்பு, கேட்ட கேள்விக்குப் பிழையற்ற விடையைத் தந்துவிடுகிறது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நோக்கித் திருப்ப அதற்கு வழியில்லை. விடை சுருக்கமாகவும் அழகாகவும் இருப்பதாலேயே, தேடியவர் அங்கேயே நின்றுவிடும் ஆபத்து கூடுகிறது.

இன்னும் ஆழமான குறை சராசரியில் இருக்கிறது. (+/÷≢) என்பது மொழி பயில்வோர் முதலில் சந்திக்கும் தொடர்: கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகு. ஒற்றை வரிசைக்கு இது சரி. இருபத்தைந்து கிடைவரிசையும் ஐந்து நெடுவரிசையும் கொண்ட அட்டவணையில், +/ ஒவ்வொரு கிடைவரிசையின் ஐந்து எண்களைக் கூட்ட, ≢ கிடைவரிசைகளின் எண்ணிக்கையான 25ஐத் தர, 20 மி.மீ. தண்டுக்கு 4 மி.மீ. சராசரி வந்து நிற்கும். மொழி எந்தப் பிழைச்செய்தியும் தராது. இது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது வேறு. அளவே எடுக்கப்படாத ஷிப்டின் வெற்று வரிசைக்குக் கூட்டுத்தொகையும் சுழியம், எண்ணிக்கையும் சுழியம். ஏபிஎல் மரபில் சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் 1. 1 மி.மீ. தடிமன் வேண்டிய தகட்டுக்கு, சோதிக்கப்படாத ஷிப்டு மிகச் சரியான சராசரியோடு அறிக்கையில் ஏறிவிடும்.

குற்றம் குறிக்கோவையில் இல்லை; அதன் அருகில் நிற்கும் ஒற்றை வரி விளக்கத்தில் இருக்கிறது. ‘சராசரி’ என்ற சொல் எந்த வடிவத் தரவுக்கு, எதுவும் இல்லாவிட்டால் என்ன என்பவற்றைச் சொல்வதில்லை. எக்செல் சூத்திரத்தை முந்தைய கோப்பிலிருந்து நகலெடுத்து ஓட்டும் வழக்கமும் இதே நோய்க்கு இடம் தருகிறது. ஆயினும் தொகுப்பில் இருப்பது பலர் பார்த்த தொடர் என்ற நம்பிக்கை, ஐயத்தை மேலும் தளர்த்துகிறது. டயலாக் மொழிபெயர்ப்பி சில தொடர்களை அடையாளம் கண்டு விரைவாக இயக்குவதால், அதே பொருளைச் சற்று மாற்றி எழுதுபவர் அந்த வேகத்தை இழக்கிறார் என்பதும், உள்ளதை உள்ளபடியே எடுக்கும் பழக்கத்துக்கு உரம் சேர்க்கிறது.

விளக்கவரிக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு: தேடலின் வாசல் அதுதான். ∨\ என்ற குறி எந்த மொழிக்கும் சொந்தமில்லை. அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படும் சொற்களோ ஆங்கிலமாகவும் கணிதச் சாயலுடனும் உள்ளன. ‘முதல் ஒன்றுக்குப் பின் எல்லாம் ஒன்று’ என்று எண்ணிப் பார்ப்பவர் நிரலர்; ‘ரிஜெக்ட் வந்த பிறகு ஓடினதெல்லாம் தனியா வை’ என்பது தரச்சோதனை மேசையில் பேசப்படும் மொழி. இரண்டாம் தொடரை இட்டுத் தேடும் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படித்த பணியாளருக்கு ∨\ கிடைக்க வேண்டுமானால், குறிக்கோவைகளில் ஒன்றைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. ஒவ்வொன்றின் கீழும் தமிழில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: ஆலையில் அது எந்தப் பெயரால் கேட்கப்படும் என்பது ஒன்று, வெற்று வரிசையை இட்டால் அது என்ன சொல்லும் என்பது மற்றொன்று.