வளைவில் மிஞ்சிய விநாடி

2024ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயார்க் நகரத்துப் பிளஷிங் மெடோஸ் டென்னிஸ் வளாகத்தில் நடந்தேறிய வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியின் அஜிலிட்டிப் பந்தயத்தில், பார்டர் கோலி, பபிலான் என்னும் இரு ஜாதிகளின் கலப்பாகப் பிறந்த நிம்பிள் என்ற சிறு நாய், தன்னைவிட உயரத்திலும் நடையிலும் பெரிய நாய்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, தடைகள் அனைத்தையும் பிழையின்றி 29 விநாடிக்குள் கடந்து பட்டத்தைப் பெற்றபோது, பத்திரிகைகள் பெரும்பாலும் ஒரு விஷயத்தையே கொண்டாடின: 2014இல் அந்தப் பந்தயம் ஆரம்பமானது முதல் கலப்பு ஜாதி நாய் ஒன்று அதில் வென்றது அதுவே முதல் தடவை. கொண்டாட வேண்டியதுதான், அதுவரை பட்டங்களை ஏறக்குறையக் குத்தகை எடுத்திருந்தவை அசல் பார்டர் கோலிகள் அல்லவா! ஆயினும் பந்தயத்தைப் பந்தயமாகப் பார்க்கிறவர்களுக்கு அந்த நாயின் வம்சத்தைக் காட்டிலும் அதன் உயரமே அதிக சிந்தனைக்குரியது. நிம்பிள் ஓடியது 12 அங்குலப் பிரிவில். தோளளவில் 14 அங்குலத்துக்கு மேற்படாத நாய்களுக்கென்று ஏற்பட்ட பிரிவு அது. உயரப் பிரிவு ஒவ்வொன்றிலும் முதல் வந்தவற்றுள் எது மிகக் குறைந்த நேரம் எடுத்ததோ அதற்கே பட்டம் என்பது விதி. நேரான மைதானத்தில் ஓடவிட்டால் இரண்டு பாய்ச்சலில் அதை முந்தக்கூடிய நாய்கள் எதிரே இருக்கையில், இந்த விநாடிகள் எங்கிருந்து மிஞ்சின என்பதே கேள்வி.

விடை மிக எளிது; ஆனால் தொலைக்காட்சியில் பார்ப்பவர் கண்ணில் எளிதில் படுவதில்லை. இந்தப் பந்தயத்தில் நேர் ஓட்டம் என்பதே சொற்பம். தாண்டுகட்டைகள், தொங்கும் டயர், வளைந்த குழாய், ஏறி இறங்கும் சாய்பலகை, நாலடி உயரத்துப் பலகைப் பாலம், சீசா, வரிசையாக நட்ட கம்புகள் என்று இருபது தடைகள் வரையில் நடுவர் தம் விருப்பப்படி பரப்பி வைக்க, அவற்றை எண் வரிசையில் கடந்தாக வேண்டியிருப்பதால், ஒன்றைத் தாண்டி இறங்குகிற இடமும் அடுத்ததற்குத் திரும்புகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மாட்டு வண்டி திரும்ப வீதி வேண்டும். சைக்கிளுக்குச் சந்து போதும். நீண்ட உடலும் வேகமான பாய்ச்சலும் உள்ள நாய், கட்டையைத் தாண்டியபின் தன் வேகத்தை அடக்கித் திரும்புவதற்குள் ஆறேழு அடி அகன்று போய்விடுகிறது. அப்படி ஆறு வளைவுகளில் அகன்று போனால், நேரோட்டத்தில் சம்பாதித்த லாபமெல்லாம் அங்கேயே செலவாகிவிடும். அமெரிக்கக் கென்னல் கிளப்பின் விதிப்படி கம்புக்கும் கம்புக்கும் இடையே 24 அங்குலம்; எல்லா உயர நாய்களுக்கும் அதே 24 அங்குலந்தான். பெரிய நாய் உடலை வில்லாக வளைத்துக்கொண்டு நுழைகிற அந்த இடைவெளியைச் சிறிய நாய் அவ்வளவு வளையாமலே கடந்துவிடுகிறது. பலகைகளின் அடியில் மஞ்சள் வர்ணம் பூசிய பகுதியில் இறங்கும்போது ஒரு பாதமாவது பட்டாக வேண்டும் என்ற நியமமும் அப்படியே: நீண்ட பாய்ச்சலுக்கு அந்த 42 அங்குலத்தைத் தாவிக் கடந்துவிடுவது சுலபம், குட்டைக் காலடிகளுக்கு அதை மிதிக்காமல் போவதுதான் பிரயாசை.

இதைக் கொண்டு சிறிய நாய்க்கே எல்லாச் சௌகரியமும் என்று முடிவு கட்டுவது அவசரம். சீசா அதன் விரோதி. பலகையின் உயர்ந்த நுனியிலிருந்து ஓரடி உள்ளே மூன்று பவுண்டு எடையை வைத்தால் மூன்று விநாடிக்குள் அது தரையைத் தொட வேண்டும் என்பது சட்டம். கனத்த நாய் பாதிக்கு மேல் வந்ததுமே பலகை கீழே போய்விடுகிறது. எட்டுப் பத்துப் பவுண்டு நாயோ நுனி வரையில் ஓடி, அங்கே தன் பாரம் வேலை செய்யும் வரை அந்தரத்தில் நிற்கிறது. இறங்கும் பலகையோடு பயமின்றி நுனிக்கே ஓடிப்போகிற தைரியம் எந்தப் பிராணிக்கும் பிறவியில் வருவதன்று. அது பழக்கப்படுத்த வேண்டியது; பழக்கப்படுத்தும் இடமோ நியூயார்க் அன்று.

அந்த இடத்தைச் சொல்லுமுன் இவ்விளையாட்டின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1978இல் லண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரு முக்கிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஜனங்கள் சலித்துப் போகாமலிருக்க ஏதாவது வேடிக்கை வேண்டுமென்று நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி யோசித்து, குதிரைகள் தடை தாண்டுவதைப் பார்த்துப் பழகியவராகையால் நாய்களையும் அவ்வாறே தாண்ட வைத்தால் என்ன என்று எண்ணி, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரின் ஒத்தாசையோடு இரண்டு கோஷ்டிகளைத் தயார் செய்து ஓட விட்டார். சாப்பாட்டு இலையில் ஓரமாகப் பரிமாறிய ஊறுகாயே விருந்தாகிவிட்ட கதை அது. 1980இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதற்கு விதிகள் வகுத்தது. 1986இல் அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. 1994இல் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் அதை ஏற்றுக்கொண்டது. 1996இல் சுவிட்ஸர்லாந்தின் மோர்ஜ் நகரில் உலகப் பந்தயமும் நடந்தது.

இன்றோ அமெரிக்காவில் வாரக் கடைசிதோறும் உள்ளூர்ச் சங்கங்கள் குதிரை லாயத்தை ஒட்டிய மண் கொட்டகைகளிலும், பொருட்காட்சி மைதானங்களிலும் இப்பந்தயங்களை நடத்திவருகின்றன. பரிசு என்று சொல்லத்தக்க பணம் கிடையாது. ஒரு நாடா, ஒரு தகுதி, அவ்வளவே. விடிந்ததும் விடியாததுமாகச் சிலர் வந்து, நடுவர் தீட்டிய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழாய்களை மணல் மூட்டையால் இறுக்கி, பலகைகளைத் தூக்கி நிறுத்துகிறார்கள். நடுவர் அளவுச் சக்கரத்தை உருட்டி நாய் ஓடக்கூடிய பாதையைக் கணித்து, அதற்குரிய கால வரம்பை நிர்ணயிக்கிறார். விழுந்த கட்டையை எடுத்து வைக்க ஒருவர், நடுவரின் கை ஜாடையைப் பார்த்துக் குற்றங்களைக் குறிக்க ஒருவர், கடிகாரத்துக்கு ஒருவர், வாசலில் அடுத்த நாயை வரிசைப்படுத்த ஒருவர் என்று எல்லாரும் தத்தம் நாயைக் கூண்டில் விட்டு வந்த போட்டியாளர்களே. தாம் ஓடாத நேரத்தில் பிறர் ஓட்டத்துக்கு ஊழியம் செய்கிற இந்த ஏற்பாடு இல்லையேல், வெஸ்ட்மின்ஸ்டருக்கு அனுப்ப ஒரு நாய்கூடத் தேறாது.

பந்தயத்தின் பாதி, நாய் களத்தில் இறங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்று நான் சொன்னால் மிகையன்று. ஓட்டம் தொடங்குமுன் நாய்க்காரர்கள் மட்டும் சில நிமிஷங்கள் உள்ளே சென்று தடத்தை நடந்து பார்க்க அனுமதி உண்டு. அறியாதவர் அக்காட்சியைக் கண்டால் சந்தேகமின்றிப் பைத்தியக்கார வைத்தியசாலை என்பார்: முப்பது நாற்பது பேர், பக்கத்தில் நாயே இல்லாமல், வலக்கையை நீட்டி, திடீரென முதுகைத் திருப்பி, ஆகாயத்தைப் பார்த்து ஏதோ பெயரைக் கூப்பிட்டு, மறுபடி வந்த வழியே நடந்து அதையே செய்கிறார்கள். அவர்கள் தீர்மானிப்பது ஒன்றையே: எந்தக் கட்டைக்கு முன்னால் தாம் நாய்க்குக் குறுக்கே புகுந்து பக்கம் மாறுவது, எதற்குப் பின்னால் கடப்பது. ஏனென்றால் முழு வேகத்தில் ஓடும் நாய் குரலைக் கேட்பது குறைவு. அது பார்ப்பது எஜமானின் தோளும் பாதமும் எந்தத் திசையில் நோக்குகின்றன என்பதை. கட்டையின் மேல் நாய் எழும்பிய பிற்பாடு தோளைத் திருப்பினால், அது எழும்பும்போதே முடிவு செய்துவிட்ட பாதையில் அகன்றுதான் இறங்கும். எழும்புமுன்னே திருப்பியிருந்தால் கட்டையை உரசினாற்போல் இறங்கியிருக்கும். ஒரு வளைவில் அரை விநாடி என்பது இப்படித்தான் போகிறது. நிம்பிளோடு ஓடிய சிந்தியா ஹார்னர், அதற்கு முந்திய ஆண்டும் ட்ரூவன்ட் என்ற பார்டர் கோலியோடு அதே பட்டத்தை வென்றவர். நாயும் வேறு, ஜாதியும் வேறு, உருவமும் வேறு, தோள் மட்டும் ஒன்று. பந்தய முடிவுகளில் நாயின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிற வழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. கட்டை விழுந்தால் நாயைக் குற்றம் சொல்லிக்கொண்டு வெளியே வருகிற மனிதர்களோடுதான் எனக்குச் சண்டை.

இந்தத் தோளைத் திருத்துவதற்கென்றே சங்கங்கள் பயிற்சிப் பட்டறைகளை நடத்துகின்றன. வெளியூரிலிருந்து வித்வான் ஒருவரை வரவழைத்து, நாயோடு பங்கெடுப்போருக்குச் சில இடங்களும், நாயில்லாமல் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்போருக்குக் குறைந்த கட்டணத்தில் சில இடங்களும் ஒதுக்குவார்கள். புதியவர்கள் முதலில் ஓர இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தன் நாயின் மேல் கண் இருக்கும்போது தெரியாத தாமதம், பிறர் நாய் ஓடும்போது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும்.

அங்கே சீசா எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பலகையின் நுனிக்கடியில் ஒரு மேஜையை வைத்து, அது ஓரங்குலம் மட்டும் இறங்கித் தட்டும்படி செய்கிறார்கள். நாய் முன்காலால் பலகையை அமுக்குகிறது. ‘டப்’ என்று சத்தம் எழுகிறது. அந்த க்ஷணமே வாயில் ஒரு பாலாடைக்கட்டித் துண்டு. ஐந்தாறு தடவைக்குப் பிறகு சத்தத்தைக் கண்டு பதுங்கிய நாயே சத்தத்தை உண்டாக்குவதற்காகப் பலகையைத் தேடிப் போகிறது. அப்புறந்தான் மேஜையை எடுத்து, இறக்கத்தை நாளுக்கு நாள் கூட்டுவது. கம்பு வரிசையிலும் பலவித யுக்திகள் உண்டு: கனடா நாட்டுச் சூசன் காரெட் இரண்டிரண்டு கம்புகளாக நட்டுப் பழக்கும் முறையைப் பரப்பினார், வேறு சிலர் கம்புகளை இருபக்கமும் விலக்கிச் சந்து போலாக்கி, சிறிது சிறிதாக நெருக்குகிறார்கள். முதல் கம்பு நாயின் இடத்தோளுக்கு வர வேண்டும் என்பது மாறாத விதியாகையால், எந்தக் கோணத்திலிருந்து வந்தாலும் அந்த வாசலைத் தானே கண்டுபிடிக்க நாய்க்குத் தெரிய வேண்டும். பலகையிலிருந்து இறங்கும் விஷயத்தில் மட்டும் வித்வான்களுக்குள் இன்றுவரை இணக்கமில்லை. முன்னங்கால்கள் தரையிலும் பின்னங்கால்கள் மஞ்சளிலுமாக நாயை நிறுத்துவது ஒரு கட்சி. ஸ்லோவேனியாவின் சில்வியா டர்க்மன் பிரபலப்படுத்தியவாறு, நிறுத்தாமலே ஓடியபடி மஞ்சளை மிதிக்கச் செய்வது மற்றொரு கட்சி. பின்னது வேகமானது, ஐயமில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் பலகை ஏறக் கிடைக்கிற உள்ளூர் நாய்க்கு நிறுத்துகிற முறையே பத்திரம் என்பேன். நூற்றுக்கணக்கான தடவை ஓட விட்டு, ஒவ்வொரு காலடியையும் கவனித்துத் திருத்தச் சொந்தப் பலகை வேண்டும்.

பெரிய பட்டங்களின் கணக்கு வேறு. அமெரிக்கக் கென்னல் கிளப்பின் அஜிலிட்டிச் சாம்பியன் ஆவதற்கு 750 புள்ளிகளும், ஒரே நாளில் இரண்டு வகைப் பந்தயங்களிலும் பிழையற்று ஓடிய நாட்கள் இருபதும் வேண்டும். கால வரம்புக்குள் மிச்சப்படுத்துகிற முழு விநாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அதனால், வெஸ்ட்மின்ஸ்டரின் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாத மந்தகதி நாய் ஒன்று, தடவைக்கு ஐந்து, ஆறு புள்ளி என்று வருஷக்கணக்கில் சேர்த்தும் அந்தப் பட்டத்தை அடைந்துவிடலாம். மூப்பினால் தாண்டமாட்டாத நாய்களுக்குக் கட்டையை நாலங்குலம் தாழ்த்தி, ஐந்து விநாடி அதிகமும் கொடுக்கிற தனிப் பிரிவு ஒன்றும் உண்டு. சனிக்கிழமைப் பந்தயங்களின் வரிசையில் இத்தகைய நாய்களும் பங்கு கொள்வதால்தான் சங்கங்களின் நுழைவுக் கட்டணம் தேறுகிறது, கொட்டகை வாடகை கட்டப்படுகிறது, அடுத்த மாதப் பட்டறைக்கு வித்வானை அழைக்கவும் முடிகிறது.