எல்லாவற்றையும் சுமக்கும் வண்டி: ஆப்பிரிக்காவின் தெற்கில் குழு முகாம் பயணம்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியைக் காணச் செல்வோரில் ஒரு சாரார் விமானத்தில் வந்திறங்கி, காட்டை ஒட்டிய விடுதியில் தங்கி, விலங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். இன்னொரு சாரார் முன்பின் அறியாத பதினைந்து இருபது பேருடன் ஒரே லாரியில் ஏறி, கேப் டவுனில் தொடங்கி நமீபியா, போட்ஸ்வானா ஆகிய நாடுகளைக் கடந்து ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவிவரை ஏறத்தாழ மூன்று வாரம் தரைவழியாகவே சென்று, பெரும்பாலான இரவுகளில் தாமே அடித்த கூடாரங்களில் உறங்குகின்றனர். ஓவர்லேண்ட் சஃபாரி என்று வழங்கும் இவ்விரண்டாம் வகைப் பயணத்தின் மையம் அந்த லாரிதான். சரக்கு லாரியின் அடிச்சட்டத்தின்மேல் உயரமான இருக்கைகளும் அகன்ற சன்னல்களும் கொண்ட கூண்டு கட்டி, அதன் பக்கவாட்டு அறைகளில் எரிவாயு அடுப்பு, பாத்திரங்கள், மடக்கு நாற்காலிகள், கூடாரங்கள், குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எனக் குடித்தனத்துக்கு வேண்டிய அனைத்தையும் ஏற்றியிருப்பார்கள். யாரையும் எதிர்பாராமல் எங்கும் தங்க வகைசெய்யும் இந்தத் தன்னிறைவே இப்பயணமுறையின் சிறப்புகளுக்கும் குறைகளுக்கும் ஒருசேர வேராக இருப்பதால், இரண்டையும் தனித்தனியாக எடைபோடுவதைவிட ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு கிளைக்கிறது என்று பார்ப்பதே பொருத்தமாகும்.

இம்முறை ஆப்பிரிக்காவில் பிறந்ததன்று. 1950களிலிருந்து 1970கள்வரை லண்டனிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குப் பேருந்துகளிலும் லாரிகளிலும் பயணிகள் வந்துகொண்டிருந்தனர். 1979இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும் அவ்வாண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததும் அவ்வழியை அடைத்துவிட்டன. ஆப்பிரிக்காவின் தென்பகுதியோ நிறவெறி ஆட்சியாலும் அங்கோலா எல்லைப் போராலும் நெடுங்காலம் இத்தகைய பயணத்துக்கு ஏற்றதாக இருக்கவில்லை. 1990இல் நமீபியா விடுதலை பெற்று, 1994இல் தென்னாப்பிரிக்காவில் அனைவரும் வாக்களித்த தேர்தல் நடந்த பிறகே கேப் டவுன்–விக்டோரியா அருவி வழித்தடம் நிலைபெற்றது.

இப்பயணமுறையின் சிறப்புகளில் முதலாவது, அது திறந்துவிடும் கதவு. போட்ஸ்வானா தனது 1990ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையில் குறைந்த எண்ணிக்கையிலான பயணிகளிடமிருந்து நிறைந்த வருவாய் பெறுவது என்னும் நெறியை மேற்கொண்டது. காட்டையும் சதுப்பையும் கூட்ட நெரிசலிலிருந்து காப்பதில் அந்நெறி பயன் தந்ததென்றாலும், ஒக்கவாங்கோ கழிமுகத்தின் உட்பகுதியில் சிறு விமானத்தில் சென்று சேரும் விடுதிகளில் ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டிய நிலையையும் அது உருவாக்கியது. நடுத்தர வருவாய் உள்ள ஆசிரியரோ செவிலியரோ மாணவரோ அந்நிலத்தைக் காண வேண்டுமானால் லாரியும் கூடாரமுமே அவர்களுக்குக் கைக்கெட்டும் வழி. மேலும், செலவு குறைவதால் காட்சி குறைவதில்லை. சில இடங்களில் கூடுகிறது. நமீபியாவில் நமீப் பாலைவனப் பூங்காவின் செஸ்ரியெம் நுழைவாயிலில், பூங்காவின் எல்லைக்குள் தங்கியிருப்போருக்கு மட்டும் உள்வாயில் சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறக்கப்படுவதால், வெளியே விலையுயர்ந்த விடுதியில் தங்கியவர் வாயிலில் காத்திருக்கும் வேளையில், உள்ளே கூடாரத்தில் படுத்திருந்தவர் 45ஆவது கிலோமீட்டரில் உள்ள மணற்குன்றின் முகட்டை நோக்கி ஏறத் தொடங்கியிருப்பார். எட்டோஷா தேசியப் பூங்காவின் ஒக்காகுயெயோ முகாமில் விளக்கொளி பாய்ச்சிய நீர்நிலையின் கரையில், தாழ்ந்த கற்சுவருக்கு இப்பால், இரவு முழுவதும் யார் வேண்டுமானாலும் அமர்ந்திருக்கலாம். கறுப்புக் காண்டாமிருகம் தண்ணீருக்கு வரும்போது அறையில் தங்கியவருக்கும் தரையில் படுத்தவருக்கும் அங்கே ஒரே இருக்கைதான்.

இரண்டாவது சிறப்பு உழைப்பைப் பகிர்ந்துகொள்வது. லாரியில் பணியாளர்கள் பெரும்பாலும் இருவரே: வண்டி ஓட்டி வழியும் காட்டுபவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர். ஆகவே காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, லாரியைப் பெருக்குவது, பொருள்களை ஏற்றி இறக்குவது ஆகியவற்றைப் பயணிகளே முறைவைத்துச் செய்கின்றனர். கழுவிய தட்டுகளைத் துணியால் துடைத்தால் ஒருவர் வயிற்றுக்கோளாறு அனைவருக்கும் தொற்றும் என்பதால் தட்டுகளைக் கையில் பிடித்துக் காற்றில் விசிறியே உலர்த்த வேண்டும் என்பது பல லாரிகளில் உள்ள வழக்கம்; இருட்டுகிற நேரத்தில் நான்கைந்து பேர் வட்டமாக நின்று இரு கைகளிலும் தட்டுகளை வீசிக்கொண்டிருக்கும்போது, வெவ்வேறு நாட்டைச் சேர்ந்தவர்களுக்கிடையே அதுவரை இல்லாத பேச்சு தானாகவே தொடங்கிவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய ஓய்வில் இத்தகைய நெருக்கம் எளிதில் வாய்ப்பதில்லை. முதல் நாள் கூடாரக் கம்பியை எந்தத் துளையில் செருகுவது என்று தெரியாமல் நின்றவர் பத்தாம் நாள் நமீப் பாலைவனத்துக் குளிர்காற்றில் தனியாகவே அதை நிறுத்திவிடுகிறார் என்பது சிறிய திறமைதான். ஆனால் நிலத்தின் ஈரமும் சரிவும் காற்றின் திசையும் அவருக்கு உடலால் தெரியத் தொடங்கியதன் அடையாளம் அது.

குறைகள் தொலைவிலிருந்து தொடங்குகின்றன. மூன்று வாரத்தில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டியிருப்பதாலும், இடையே சில இடங்களில் இரண்டு இரவு தங்குவதாலும், மற்ற நாள்களில் 400, 500 கிலோமீட்டர் ஓடியாக வேண்டியுள்ளது. நமீபியாவின் சாலைகளில் பெரும்பகுதி சரளை மண் சாலைகள். சக்கரங்கள் அழுத்தி அழுத்தி அலையலையாக மேடுபட்ட அவற்றில் லாரி விரைந்து ஓட முடியாது. அதனால் விடியுமுன் எழுந்து கூடாரத்தைச் சுருட்டி, பகல் முழுதும் குலுங்கி, பொழுது சாய்ந்ததும் மீண்டும் கூடாரத்தை விரிப்பதே நாளாகிவிடுகிறது. எட்டோஷா 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. அதற்கு ஒதுக்கப்படுவதோ இரண்டு நாள். விலங்குகளைக் காண்பது காத்திருப்பதால் கைகூடும் காரியம் என்பது காட்டை அறிந்த அனைவரும் ஒப்பும் உண்மை. சூன் முதல் அக்டோபர்வரையான வறண்ட பருவத்தில் யானையும் வரிக்குதிரையும் குடூ மானும் நீர்நிலைகளுக்கு வந்தே தீர வேண்டும் என்பதால், ஓரிடத்தில் அரைநாள் அசையாமல் இருப்பவர் காணும் காட்சியை நாள் முழுதும் ஓடுபவர் காண்பதில்லை. அடுத்த முகாமின் வாயில் சூரியன் மறைவதற்குள் அடைக்கப்படும் என்ற கட்டாயத்தோடு ஓடும் வண்டியால் அப்படிக் காத்திருக்க இயலாது. பட்டியலில் உள்ள இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டே பயணத்தின் மதிப்பைக் கணக்கிடும் விற்பனைமுறைதான் இந்த ஓட்டத்துக்குக் காரணம். லாரிக்கு இதில் பழியில்லை.

இதைவிட ஆழமான குறை, எல்லாவற்றையும் தன்னுள் வைத்திருக்கும் வண்டிக்கு வழியில் உள்ள மனிதர்கள் தேவைப்படாமல் போவது. உணவுப்பொருள்கள் பெருநகரத்துப் பேரங்காடிகளில் மொத்தமாக வாங்கி ஏற்றப்படுகின்றன. முன்பணம் பெரும்பாலும் வெளிநாட்டு முகவர் வழியாகவே செலுத்தப்பட்டுவிடுகிறது. சிற்றூர்களில் நிற்பது டீசலுக்கும் கழிப்பறைக்கும் மட்டுமே. மூன்று வாரம் இந்நாடுகளின் ஊடாகச் சென்றவர் அங்குள்ள ஒரு வீட்டின் அடுப்பைக்கூடக் காணாமல் திரும்புவது அரிதன்று. இதன் விளைவாக அந்நிலம் மனிதரற்ற வெளியாக, விலங்குகளுக்கென்றே என்றும் இருந்த வெளியாகப் பயணியின் மனத்தில் பதிகிறது. வரலாற்றுக்கு அது முற்றிலும் மாறானது. எட்டோஷா 1907இல் செருமானியக் குடியேற்ற ஆட்சியால் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோதும் அங்கே ஹாய்ஓம் எனப்படும் சான் மக்கள் வேட்டையாடியும் காய்கிழங்கு சேகரித்தும் வாழ்ந்துகொண்டிருந்தனர். 1954இல் அவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். இன்று பயணிகள் வண்டியை நிறுத்திச் சிங்கத்தைத் தேடும் நீரூற்றுகள் பலவும் அவர்களுடைய குடியிருப்புகள் இருந்த இடங்கள்.

இந்த மறதி மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் ஸ்வகொப்முண்ட். நமீபியாவின் அட்லாண்டிக் கரையில் உள்ள அந்நகரில் முகாம் வாழ்க்கைக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்துப் பயணிகளைக் கட்டிலுள்ள அறைகளில் தங்கவைப்பதும், விமானத்திலிருந்து குதிப்பது, மணற்குன்றுகளில் நான்கு சக்கர மோட்டார் வண்டி ஓட்டுவது போன்ற கேளிக்கைகளுக்கு அனுப்புவதும் வழக்கம். 1904 முதல் 1908வரை ஹெரெரோ, நாமா மக்கள்மீது செருமானியப் படை நடத்திய இனப்படுகொலையின்போது கைதிகளை அடைத்த வதைமுகாம் இந்நகரில் இருந்தது. பசியாலும் நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டோரின் பெயரில்லாப் புதைகுழிகள் ஊரின் ஓரத்தில், நகராட்சி இடுகாட்டை அடுத்து, சிறு சிறு மணல்மேடுகளாக இன்றும் வரிசையாக உள்ளன. 2021இல் செருமனி அரசே அக்கொடுமையை இனப்படுகொலை என ஒப்புக்கொண்ட பிறகும், இரண்டு நாள் அங்கே தங்கும் குழுவை அரைமணி நேரம் அவ்விடத்துக்கு அழைத்துச் செல்லாத பயணத்திட்டத்தை அறியாமையின் விளைவென்று இனியும் மன்னிக்க முடியாது. ஒப்பனைக் கூரைகளும் செருமானிய அடுமனைகளும் நிறைந்த நகரம் என்ற அறிமுகத்தோடு அதைக் கடந்து செல்வது, அங்கே மாண்டவர்களுக்கு இழைக்கும் அநீதி.

மக்களைச் சந்திக்கும் ஏற்பாடு இருக்கும் இடத்திலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. உடலில் செம்மண் குழம்பு பூசிய ஹிம்பா பெண்களைக் காட்டுவதற்காக நமீபியாவின் காமன்யாப் பக்கத்தில் நடத்தப்படும் ஊர்ப் பார்வையில், ஒரு மணி நேரம் படமெடுத்து, கைவினைப் பொருள் வாங்கித் திரும்பும் பயணி கேட்ட கேள்விகளை எண்ணிவிடலாம். அவரிடம் அம்மக்கள் கேள்வி கேட்க வாய்ப்பே இல்லை. இவ்வேற்பாட்டால் அவர்களுக்குக் கிடைக்கும் வருவாயை ஏளனமாகப் பேச எவருக்கும் உரிமையில்லை என்றாலும், சந்திப்பு என்று அதற்குப் பெயரிடுவது பொருந்தாது.

நிலத்தின் அரசியலும் பொருளியலும் பயணியின் காலடியிலேயே வந்து நிற்கும் தருணங்கள் இவ்வழியில் உண்டு. போட்ஸ்வானாவில் கான்சியிலிருந்து மவுனுக்குச் செல்லும் சாலையில் குக்கே என்னும் இடத்தில் கால்நடை நோய்த் தடுப்புச் சோதனைச்சாவடி உள்ளது. கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோய் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமலிருக்க, லாரியின் சக்கரங்கள் கிருமிநாசினி தேங்கிய பள்ளத்தில் இறங்கி ஏற, பயணிகள் இறங்கி நனைந்த சாக்கில் செருப்புக்காலை மிதித்து நடக்கின்றனர். சமைக்காத இறைச்சியை எத்திசையில் கொண்டுசெல்லலாம் என்பதற்கும் விதியுண்டு என்பதால், எந்த நாளுக்குள் எந்தக் கறியைச் சமைத்துத் தீர்க்க வேண்டும் என்பதைச் சமையற்காரர் முன்கூட்டியே கணக்கிட்டிருப்பார். இச்சாவடியின் இருபுறமும் நீளும் கம்பிவேலி, மாட்டிறைச்சி ஏற்றுமதியைக் காப்பதற்காக 1950களில் எழுப்பப்பட்டது; வறட்சிக் காலங்களில் கலகாரியிலிருந்து தண்ணீர் தேடி வடக்கே நகர்ந்த வைல்டபீஸ்ட் மான்கள் இவ்வேலியில் தடுக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்தன. காட்டுயிரைக் காண்பதற்காகவே வந்த குழுவிடம் சொல்ல இதைவிடப் பொருத்தமான செய்தி இல்லை. ஆனால் செருப்பை நனைத்துவிட்டு வண்டியில் ஏறியதும் பேச்சு அடுத்த முகாமின் நீச்சல்குளத்துக்குப் போய்விடுகிறது.

ஒக்கவாங்கோவை ஒட்டிய மவுனை அடைந்ததும் நிலைமை மாறுகிறது. இப்பயணமுறையைப் பற்றிய தீர்ப்பை எழுத வேண்டிய இடம் இதுவே. அங்கோலா மேட்டுநிலத்தில் கோடையில் பெய்த மழை மாதக்கணக்கில் மெல்ல வடிந்து வந்து, உள்ளூரில் மழையே இல்லாத சூன், சூலை மாதங்களில் ஒக்கவாங்கோவை நிரப்புகிறது. கடலைச் சேராமல் பாலை மணலிலேயே பரந்து வற்றும் அந்நீர்ப்பரப்பு 2014இல் உலகப் பாரம்பரியக் களங்களின் வரிசையில் ஆயிரமாவதாக இடம்பெற்றது. அதனுள் லாரி செல்ல முடியாது. எனவே கூடாரங்களையும் தண்ணீரையும் இரண்டு நாளுக்கான உணவையும் இறக்கி, மொகொரோ எனப்படும் ஒடுங்கிய ஓடங்களில் ஏற்ற வேண்டியுள்ளது. முன்பு பெருமரத்தைக் குடைந்து செய்யப்பட்ட இவ்வோடங்கள், மரங்கள் அழிவதைத் தடுக்கவேண்டி இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழையால் செய்யப்படுகின்றன. ஓடத்தின் பின்முனையில் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ளுபவர் அப்பகுதி ஊர்களைச் சேர்ந்தவர். அவ்வூர்களின் அறக்கட்டளை வழியாகவே பலருக்கும் இவ்வேலை கிடைக்கிறது. நீர்யானை எந்த மடுவில் கிடக்கும், எந்தத் தீவில் நேற்று யானை மேய்ந்தது, கழிவறைக்கு எங்கே குழி தோண்டுவது என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்கிறார். வண்டியின் தன்னிறைவு முறிந்ததும் பயணி முதன்முறையாக அந்நிலத்து மனிதர் ஒருவரின் அறிவை நம்பி இருக்க நேர்கிறது. பயணம் முடிந்தபின் பெரும்பாலோர் எதைவிடவும் இந்த இரண்டு நாளையே நினைவுகூர்வதற்கு அல்லிப்பூக்களும் அந்திவானமும் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இங்கேயும் ஓடமோட்டிகள் தனியாகத் தீ மூட்டித் தம் கஞ்சியைக் காய்ச்சிக்கொள்வதும், குழுவின் உணவு வேறோர் அடுப்பில் வேவதும் வழக்கமாகவே உள்ளன. பழைய பிரிவினை முழுதும் கரைந்துவிடவில்லை.

ஆகவே இப்பயணமுறையைக் கைவிடுவதைவிட, லாரி நிற்க வேண்டிய இடங்களைப் பெருக்குவதே சீர்திருத்தத்தின் திசையாக இருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு வழியிலேயே இருக்கிறது. நமீபியா 1996இல் இயற்றிய சட்டத் திருத்தம், பொதுநிலங்களில் வாழும் மக்கள் தாமே காட்டுயிர்க் காப்பு அமைப்புகளை நிறுவி, அவற்றின் பயனைத் தாமே பெற வழிசெய்தது. 1998 முதல் பதிவான அவ்வமைப்புகள் இன்று நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் பரவியுள்ளன. பிராண்ட்பெர்க் மலையின் பாறை ஓவியங்களைக் காண உள்ளூர் வழிகாட்டியோடுதான் நடக்க முடியும். இத்தகைய இடங்களில் ஓர் இரவுக்குப் பதிலாக மூன்று இரவு தங்கி, கேப் டவுனிலிருந்து வருவதற்குச் செலவாகும் முதல் வாரத்தை விட்டுவிட்டு வின்ட்ஹுக்கிலேயே பயணத்தைத் தொடங்கினால், தொலைவு பெருமளவு குறையும், காத்திருக்கவும் பேசவும் நேரம் கிடைக்கும்.

பணியாளர் நிலையும் அதனோடு சேர்ந்தே மாற வேண்டும். நாள் முழுதும் வண்டி ஓட்டியவரே மாலையில் மறுநாள் திட்டத்தை விளக்கி, இரவில் நோயுற்றவரைக் கவனித்து, விடியலில் எல்லோருக்கும் முன் எழுவது இப்போதைய நடைமுறை. சரளைச் சாலையில் களைத்த ஓட்டுநரின் கையில் இருபது உயிர்கள் இருக்கின்றன என்பதைப் பயணச்சீட்டின் விலை மறைத்துவிடுகிறது. வாகனம் ஓட்டுபவர் வேறு, வழிகாட்டுபவர் வேறு என்று மூன்றாவது ஆளைச் சேர்ப்பதற்கு ஆகும் கூடுதல் தொகையை இருபது பேரிடையே பிரித்தால் தலைக்குப் பெரிதாக வராது. அந்த மூன்றாமவர் ஹாய்ஓம் மக்களிலிருந்தோ ஹெரெரோ மக்களிலிருந்தோ வந்தவராக இருந்தால், எட்டோஷாவின் நீரூற்றுகளுக்கும் ஸ்வகொப்முண்டின் மணல்மேடுகளுக்கும் உரிய பெயர்களை லாரிக்குள்ளேயே கேட்க முடியும்.