எல்லோரும் போன பிறகு மிஞ்சிய இருவர்: சில்வர் ஆப்பிள்ஸ்

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஆடியோ ஆசிலேட்டர் ஞாபகம் இருக்கும். லேப் மேஜையில் உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிற டப்பா. குமிழைத் திருகினால் சிஆர்ஓ திரையில் சைன் அலை நெருங்கும், விலகும். ரீடிங் எழுதி, கிராஃப் போட்டு, கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிடுவோம். அதை ஸ்பீக்கரில் சேர்த்து ஒருத்தர் பாட்டுக் கச்சேரி பண்ணுவார்னு அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

1967-ல் நியூயார்க்கில் ஒருத்தர் அதைத்தான் பண்ணினார். பெயர் சிமியோன் காக்ஸ். டென்னஸியில் பிறந்தவர், பாஞ்சோ வாசிப்பார். அப்போது 'ஓவர்லேண்ட் ஸ்டேஜ் எலெக்ட்ரிக் பேண்ட்' என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பாட்டை வாசித்துப் பார்ட் டைமில் புகழ் தேடும் ஆயிரம் குழுக்களில் அதுவும் ஒன்று. நண்பரிடம் இருந்த 1940-கள் காலத்து ஆசிலேட்டர் ஒன்று சிமியோன் கைக்கு வந்தது. மேடையில் கிடாரோடு சேர்த்து அதையும் ஊளையிட வைத்தார். குழுவில் இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது சிமியோனும் டிரம்மர் டேனி டெய்லரும்தான். அந்த இரண்டு பேர்தான் சில்வர் ஆப்பிள்ஸ். பெயர் ஏட்ஸின் ஒரு கவிதையிலிருந்து எடுத்தது.

இவர்களைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே பல்லவி: "காலத்தைத் தாண்டிப் பிறந்தவர்கள், டெக்னோவை முன்பே கண்ட தீர்க்கதரிசிகள்." நானும் சில வருஷம் அப்படியே நம்பினேன். இப்போது அந்த வாசகம் எனக்கு உறுத்துகிறது. தீர்க்கதரிசி என்று சொல்லிவிட்டால், அந்த இசை எப்படி உருவானதுன்னு யோசிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

பொறியாளனாக யோசித்துப் பார்ப்போம். கிடாரிஸ்ட் போய்விட்டார், பேஸ் வாசிப்பவரும் போய்விட்டார். மூக் சிந்தசைசர் அப்போதே இருந்தது, ஆனால் இவர்களால் வாங்க முடியாத விலை. கையில் இருப்பது பழைய ஆசிலேட்டர்கள். ஒரு ஆசிலேட்டர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் தரும். கார்டு வேண்டுமென்றால் மூன்று டப்பா வேண்டும். சிமியோனுக்குக் கீபோர்டும் வராது. அதனால் டப்பாக்களை அடுக்கி, ஒவ்வொன்றையும் அந்தந்தப் பாட்டுக்கு வேண்டிய ஸ்வரத்தில் நிறுத்தி, தந்திச் சாவிகளால் அணைத்தும் போட்டும் வாசித்தார். பேஸ் ஸ்வரங்கள் காலடியில். 1968-ல் கேப் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் உறை, 9 ஆசிலேட்டர்கள், 86 கட்டுப்பாடுகள் என்று கணக்குச் சொல்கிறது. அந்த அடுக்குக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்: 'தி சிமியோன்'.

இப்படி ஒரு கருவியில் பாட்டு கார்டு மாறி மாறி நகர முடியாது. ஆதார சுருதியில் நின்றுகொண்டு சுற்றிச் சுற்றித்தான் வர முடியும். அப்படியானால் பாட்டை நகர்த்துவது யார்? டேனி டெய்லர்.

விமர்சகர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். டெய்லர் தன் டிரம்களைப் பாட்டின் சுருதிக்குச் சேர்த்து வைத்துக்கொண்டார். மிருதங்கத்தைச் சுருதி சேர்ப்பது நமக்குப் பழகின விஷயம், ராக் டிரம்மர்களில் அது அபூர்வம். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஆசிலேஷன்ஸ்'. இயந்திர ஒலியை மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள். ஒரே உரு, அலுக்காத திரும்பல், டாம்களில் சின்னதாக ஒரு மெலடி. இன்றைய காதுக்கு இது டெக்னோ மாதிரி கேட்கிறது என்றால் அதில் பாதிக்கு மேல் காரணம் மின்சாரம் இல்லை, அந்த மனுஷனின் இரண்டு கைகள்.

குறைகளும் உண்டு. சிமியோனின் குரல் அடிக்கடி ஸ்வரத்தைத் தேடி அலையும். ஸ்டான்லி வாரன் எழுதிய வரிகள் சில இடங்களில் அந்தக் காலத்துப் பூ மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்டால் நடுவில் இரண்டு பாட்டு ஒன்றாகவே தோன்றும். ஆனால் 'புரோகிராம்' பாட்டில் ரேடியோவைத் திருகி, கிடைத்த நிலையத்தின் துண்டுகளைப் பாட்டுக்குள் விடுகிறார்களே, அந்தத் துணிச்சல் இன்றைக்கும் பழசாகவில்லை.

முடிவு சீக்கிரமே வந்தது. 1969-ல் வந்த இரண்டாம் ஆல்பம் 'கான்டாக்ட்'. முன்னட்டையில் பான் ஆம் விமானத்தின் காக்பிட்டில் இருவரும். பின்னட்டையில் விழுந்து நொறுங்கிய விமானம், நடுவில் இவர்கள். பான் ஆம் வழக்குப் போட்டது. குழு கலைந்தது. 1990-களில் ஜெர்மனியில் யாரோ அனுமதியில்லாமல் சிடி போட்ட பிறகுதான் உலகம் இவர்களைத் திரும்பிப் பார்த்தது. சிமியோன் மறுபடி மேடை ஏறினார். 1998-ல் வேன் விபத்தில் கழுத்து எலும்பு முறிந்தது, அதிலிருந்தும் எழுந்து வந்தார்.

2005-ல் டெய்லர் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு சிமியோன் தனியாகவே ஊர் ஊராக வாசித்தார். வேறு டிரம்மரைத் தேடவில்லை. டெய்லர் வாசித்த பதிவுகளிலிருந்து துண்டுகள் எடுத்து, அவற்றோடு சேர்ந்து வாசித்தார். 2020-ல் அவரும் போய்ச் சேரும்வரை அது சில்வர் ஆப்பிள்ஸாகவே இருந்தது.

தீர்க்கதரிசிக் கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். அந்தப் பழைய ஆசிலேட்டர்களுக்கு மாற்று கிடைத்தது. டெய்லருக்கு மாற்று கிடையாதுன்னு சிமியோனுக்கே தெரிந்திருக்கிறது. குழுவில் எல்லோரும் எழுந்து போனபோது போகாமல் உட்கார்ந்திருந்தவர் இல்லையா அவர்? அடுத்த முறை 'ஆசிலேஷன்ஸ்' கேட்கும்போது அவரையும் கொஞ்சம் கேளுங்கள்.