தலையும் உடலும்

கிராமத்தை இழந்துவிட்ட துக்கம் நம் எழுத்தில் பல வருஷங்களாக ஒரே குரலில் ஒலிக்கிறது. ஆறு, கோயில், கூத்து, களத்துமேடு. இதைப் பிற்போக்கு என்று ஒதுக்கும் முற்போக்கு விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாலாற்றங்கரையில் இருப்பவனுக்கு இழப்பு வாஸ்தவமானது. தோல் பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக 1996 ஆகஸ்ட் உச்சநீதிமன்றத் தீர்ப்பு பதிவு செய்கிறது. கிணறு உப்பாகிப் போனவனிடம் போய் சித்தாந்தம் பேச முடியாது.

என் கேள்வி வேறு. இந்த ஏக்கம் யாரை விட்டுவிட்டு ஊரை நினைக்கிறது?

வலதுசாரி அரசியல் நுழைவது இங்கேதான். 1980இல் இந்து முன்னணி தோன்றியதிலிருந்து, இழந்ததை மீட்டுத் தருவதாக ஒரு வாக்கையும் இழப்புக்குக் காரணமாக ஒரு முகத்தையும் அது சேர்த்தே தருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி டேனரி முதலாளிகளில் பலர் முஸ்லிம்கள். முகம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. பாதி பதனிட்ட தோலை விட்டு, முடித்த தோலை ஏற்றுமதி செய்யும்படி 1970களில் மத்திய அரசு தூண்டியது. ஆவாரம்பட்டை பின்தங்கிக் குரோமியம் பரவியது. வெளிநாட்டுச் சந்தை மலிவாகக் கேட்டது. இந்தக் காரணங்களுக்கு மதம் கிடையாது. ஊர்வலத்தில் தூக்கிப்போக உருவமும் கிடையாது. 2014, 2024 மக்களவைத் தேர்தல்களில் தாமரைச் சின்னம் வேலூரில் இரண்டாமிடம் பெற்றது. அதில் சாதிக் கணக்கு இருந்திருக்கலாம். ஏக்கத்துக்கும் பங்குண்டு என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இந்தப் பிரதேசத்தின் சொந்த நினைவு அவ்வளவு சுத்தமானதல்ல. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் நடக்கிறது. பரசுராமன் வெட்டிய ரேணுகையின் தலை அது. கோயிலில் அதைப் பொருத்துவது, சண்டாளச்சி என்று கதை சொல்லும் சேரிப்பெண்ணின் உடலில். அந்த உடல் இல்லாமல் தெய்வம் முழுமையாவதில்லை. கும்பிடுகிறவர்கள் சாதியை விட்டுவிடவில்லை என்பதும் தெரிந்ததே. இருந்தாலும் நம் இலக்கியம் மறந்ததைச் சடங்கு மறக்கவில்லை.

நம் கிராம எழுத்தில் பெரும்பகுதி தலையின் ஏக்கம்தான். தோலைச் சுமந்த, சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற, பறையடித்த உடலுக்கு ஊர் பொற்காலமாக இருந்ததில்லை. டேனரி வேலை நாறியது. ஆனால் ஆண்டையின் வாசலில் கைகட்டி நிற்காமல் காசாகக் கூலி கிடைத்தது. பேரணாம்பட்டுப் பக்கத்து அழகிய பெரியவனின் 'தகப்பன்கொடி', 'வல்லிசை' நாவல்களில் நிலமும் பறையும் மானப் பிரச்னையாக வருவது இதனால்தான்.

டேனரியைப் புனிதமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத்தொட்டி உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றுக்காக அழுகிற எந்தக் கவிதையிலும் அவர்களை நான் பார்க்கவில்லை. அவர்களுக்கு இடமில்லாத ஏக்கத்தை நாம் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள ஊர்வலக்காரர்களுக்கு ஒரு சிரமமும் இருக்காது.