மாதவி ஓலையும் கோகிலாம்பாள் கடிதங்களும்

பெண்ணுக்கு எழுத்துக் கற்பித்தால் அவள் காதலனுக்கு ஓலை விடுப்பாள் என்று அஞ்சிய முதியோர் யாழ்ப்பாணத்திலே பலர் இருந்தனர். அரியாலை முதலிய ஊர்களிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கலியாணங்கள் பேச்சுக்கால், சாதகம், சீதனவுறுதி என்னும் படிகளேறி நிறைவெய்தின. மணமகள் தன் மனத்தைக் கைப்பட எழுதுவதற்கு அவற்றுள் இடமில்லை. அக்காலத்தை ஒட்டி, 1921இல், மறைமலையடிகள் ஓர் இளங் கைம்பெண் தன் காதலனுக்கு எழுதும் கடிதங்களையே கதையாக்கிக் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என வெளியிட்டமை துணிவான செயலேயாகும்.

கடித வடிவிற் கதை புனைதல் றிச்சட்சனின் 'பமீலா' (1740) வழியே மேல்நாட்டிற் பரவியது. காதலோலையோ தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து மாதவி இருமுறை எழுதுகின்றாள். முதலோலை, பித்திகை அரும்பே எழுத்தாணியாகச் செம்பஞ்சுக் குழம்பிலே தோய்த்துத் தாழையின் வெண்தோட்டில் வரையப்பெற்றது. இளவேனிலும் திங்களும் தன்னை வருத்துமாற்றை அதில் அழகுறக் கூறினாள். கோவலன் அதனை ஏற்க மறுத்தான். அவ்வழகிலே ஆடன்மகளின் நடிப்பையே கண்டான் போலும். இரண்டாவது, கோசிகமாணி கொண்டுசென்ற முடங்கல். அதில் வேனிலும் இல்லை, திங்களும் இல்லை. அடிபணிதலும், முதுகுரவர் பணியை நீத்து இரவிலே அகலுமாறு தான் செய்த பிழை யாது என்னும் கலக்கமுமே உள. அதனைப் படித்தவன் தவறு தன்னதே என உணர்ந்தான். அவ்வோலையையே தன் பெற்றோர்க்கும் போக்கினான். காதலி எழுதிய கடிதம் காதலனின் தாய் தந்தையர் கைக்குச் செல்லத்தக்கதாய் அமைந்த விந்தை இது!

இவ்விரண்டோலையும் கோகிலாம்பாளிடத்தே கலந்து கிடக்கின்றன. 1916 முதல் அடிகள் வலியுறுத்திய தனித்தமிழ்க் கொள்கை நூலில் ஓங்கிநிற்கும் இடங்களிற் பேசுகின்றவள் பேதைப் பெண் அல்லள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலே தமிழ் கற்பித்த ஆசிரியரே பேசுகின்றார். வருணனைகள் தாழந்தோடு போல மணக்கின்றன. எனினும் நெஞ்சு நெகிழ்வதில்லை. 'சாகுந்தல'த்தைத் தமிழாக்கிய கை, தாமரையிலையில் நகத்தாற் கீறிய சகுந்தலையின் சிறு முடங்கலை ஈண்டு மறந்துவிட்டது. கைம்மையின் பெயரால் வீட்டார் இழைக்கும் இன்னலை அவள் எடுத்துரைக்கும்பொழுதோ படிப்பவர்க்கு நடையின் தூய்மை நினைவில் எழுவதில்லை; அவள் துயரே நிற்கின்றது. நூலின் உயிர் அப்பகுதிகளிலேதான் உளது.

ஒரு வேற்றுமை மட்டும் நோக்கற்பாலது. மாதவியின் ஓலை குடும்பத்தார்க்கு ஆறுதலாகச் சென்றது. கோகிலாம்பாளின் கடிதங்களோ குடும்பத்தார்க்கு மறைத்தே எழுதப்படவேண்டியிருந்தன.