காரணிகனும் காரணமும்

சைனாடவுனின் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827ஆம் ஆண்டு தோன்றிய மாரியம்மன் கோயிலிலிருந்து சிறிது தொலைவு நடப்போர் ஹேவ்லாக் சதுக்கத்தில் அரசு நீதிமன்றங்களைக் காண்பர். அங்கே நீதிபதி தம் பெயரோடு தீர்ப்புரைக்கிறார்; காரணம் கூறுகிறார்; தோற்றவர் மேல்முறையீடு செய்யலாம். சட்டத்தைப் பற்றி எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. அதை வழங்குபவர் பெயரைக் கட்டுரையாளர் அறியார். அம்முறையின் நிறைகுறைகளைத் தமிழ் மரபோடு ஒப்பவைத்து நோக்குதல் தகும்.

1959இல் மலாயாப் பல்கலைக்கழகச் சட்ட இதழாகத் தொடங்கி, 1991 முதல் புதுப்பெயர் பூண்டு வெளிவருவது சிங்கப்பூர்ச் சட்டவியல் ஆய்விதழ். அமெரிக்காவில் 1887இல் பிறந்த ஹார்வர்டு சட்ட இதழில் கட்டுரைகளைத் தேர்வோர் மாணவர். சிங்கப்பூர் இதழோ துறையறிந்தோரின் மதிப்பீட்டை நாடும் நெறியினது. இந்நெறியில் எழுதியவர் பெயரையும் மதிப்பிடுபவர் பெயரையும் மறைப்பது பெருவழக்கு.

நடுவுநிலை வேண்டி மதிப்பீட்டாளரைத் தேடுதல் தமிழர்க்குப் புதிதன்று. இறையனார் களவியலுக்குப் புலவர் பலரும் உரை கண்டபோது எது மெய்யுரை எனத் துணிய இயலவில்லை. ஊமைச் சிறுவன் உருத்திரசன்மனைக் காரணிகனாக அமர்த்தினர். நக்கீரர் உரையைக் கேட்டு அவன் கண்ணீர் உகுத்தான், அதுவே மெய்யுரையாயிற்று. இஃது அவ்வுரையின் முகப்பிலேயே காணப்படும் செய்தி.

சிறுவனின் நடுநிலையை எவரும் ஐயுற்றிலர். ஆயினும், ஏனைய புலவர் தம் உரை எங்கே வழுவியது என்று அறிந்தனரா? கண்ணீர் முடிவைக் காட்டிற்று, காரணத்தைக் காட்டவில்லை. “வெளியிடத் தக்கதன்று” என ஒரே வரியில் எழுதி அனுப்பும் மதிப்பீட்டாளரும் அவ்வாறே வாய் பேசாதவர். அச்சிறுவனின் தூய்மையோ அவர்க்கு உண்டென்று உறுதி கூற இயலாது. சட்ட அறிஞர் ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு நகரில், பெயரை மறைத்தாலும் பொருளும் நடையும் எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும். எனவே பெயர் மறைப்பு மட்டும் காவலாகாது. காரணம் எழுதப்பட்டால் இதழாசிரியர் அதனைச் சோதிக்கலாம். கட்டுரையாளர் மறுக்கலாம், அன்றித் திருந்தலாம்.

காரணம் கூறுவதற்கு நன்னூலின் பத்துக் குற்றங்களே நல்ல அளவுகோல். தம் கருத்துக்கு எதிரான தீர்ப்பை விட்டுவிடுதல் குன்றக் கூறல். ஒரு சட்டப்பிரிவுக்கு முன்னர்க் கூறிய பொருளைப் பின்னர் மறுத்தல் மாறுகொளக் கூறல். ஒப்பந்தச் சட்டத்தில் தொடங்கி அரசியல் சட்டத்தில் அலைதல் மற்றொன்று விரித்தல்.

இப்பத்தினும் அடங்காத குற்றமொன்று இன்று தோன்றியுள்ளது. செயற்கை நுண்ணறிவு புனைந்த, இல்லாத தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்கள் 2023இல் நியூயார்க்கில் தண்டம் செலுத்த நேர்ந்தது. 2025இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றமும் அத்தகைய மேற்கோளைக் கண்டித்தது. ஆய்விதழ்க் கட்டுரையை நீதிமன்றமே எடுத்தாள்வதுண்டு. ஆதலால் மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒத்துப் பார்த்தல் மதிப்பீட்டாளரின் தலையாய கடன்.

தமிழ் ஆய்வரங்குகளின் கட்டுரைத் தேர்வுக்கும் மாணவர் விடைத்தாளுக்கும் இது பொருந்தும். வெறும் மதிப்பெண் மாணவனுக்கு அவன் நிலையை உணர்த்தும். ஓரத்தில் எழுதப்படும் இரண்டு வரிகளே அடுத்த கட்டுரையைத் திருத்தும்.