யாருடைய பாதுகாப்பு?
காலநிலை, எரிசக்தி, பன்னாட்டுப் பாதுகாப்பு: பல்கலைக்கழகக் கருத்தரங்குகள் குறித்து ஒரு திறனாய்வு

பல்கலைக்கழகம் தன் வாயிலைத் திறந்து, பொதுமக்களையும் அழைத்து அமரவைத்து நடத்தும் கருத்தரங்கிற்குத் தனியொரு மதிப்பு உண்டு. ஆய்விதழ்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் செய்தி அங்கேதான் பொதுக்கருத்தாக உருமாறுகிறது. பொதுக்கருத்து பின்னர் அரசின் கொள்கையாகிறது. அமெரிக்க, பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் கடந்த சில பத்தாண்டுகளாகக் காலநிலை, எரிசக்திக் கொள்கை, பன்னாட்டுப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒரே மேடையில் வைத்துப் பேசி வருகின்றன. வளிமண்டலவியலாளர் ஒருவர், பொருளியலாளர் ஒருவர், ஓய்வுபெற்ற படைத்தளபதி ஒருவர் என அமையும் அந்த மேடை இன்று பழகிப்போன காட்சி. இத்துறைகள் ஒன்றையொன்று அறியாமல் இயங்கிய நிலையைவிட இது மேலானதே. ஆயினும் இணைப்பது ஒன்று, இணைக்கும் முறை மற்றொன்று. காரணத்தை எங்கிருந்து தொடங்குகிறார்கள், யாரைச் செய்தவராகவும் யாரை அச்சுறுத்தலாகவும் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே அக்கருத்தரங்கின் நேர்மை அமையும். அந்த முறையையே இங்கு நாம் ஆராய முற்படுகிறோம்.

வினா திசைமாறிய வரலாறு

சுற்றுச்சூழல் நெருக்கடி குறித்துப் பல்கலைக்கழக மேடையில் முதலில் பேசியோரின் வரிசையில் ஒரு முஸ்லிம் அறிஞரும் இருக்கிறார். 1966ஆம் ஆண்டு மே மாதம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈரானிய அறிஞர் செய்யித் ஹுஸைன் நஸ்ர் ஆற்றிய தொடர் சொற்பொழிவுகள், 1968இல் ‘மனிதனும் இயற்கையும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயின. அதே 1966இன் டிசம்பரில் வரலாற்றாசிரியர் லின் ஒயிட் வாஷிங்டனில் ஆற்றிய உரை 1967 மார்ச்சில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. ஒயிட், மேலைக் கிறித்தவம் இயற்கையை நோக்கிய முறையைக் குறைகூறினார். நஸ்ரோ, இயற்கையின் புனிதத்தைத் துறந்த நவீன உலகநோக்கையே நோயின் வேராகக் கண்டார். காரணத்தில் இருவரும் வேறுபட்டாலும் நோயாளி யார் என்பதில் ஒன்றுபட்டனர்: இயற்கையை அடக்கியாள முனைந்த தொழில்மய நாகரிகமே அந்த நோயாளி.

பனிப்போர் முடிந்த பின்னர் வினா திசைமாறியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹோமர்-டிக்ஸன் 1991இலும் 1994இலும் ‘இன்டர்நேஷனல் செக்யூரிட்டி’ இதழில் எழுதிய கட்டுரைகள், நிலமும் நீரும் அருகும் இடங்களில் வன்முறை மூளும் வழிகளை ஆராய்ந்தன. அவர் ஓரளவு எச்சரிக்கையோடு எழுதியதை இதழாளர் ராபர்ட் கப்லன் 1994இல் உலகளாவிய அராஜகம் நெருங்குவதான அச்சமூட்டும் சித்திரமாக்கினார். 2007 ஏப்ரலில், ஓய்வுபெற்ற அமெரிக்கத் தளபதிகள் பதினொருவர் ஆலோசகர்களாக இருந்து உருவாக்கிய சி.என்.ஏ. அறிக்கை, காலநிலை மாற்றத்தை ‘அச்சுறுத்தலைப் பெருக்கும் காரணி’ என்று வருணித்தது. அதே மாதம் 17ஆம் நாள், பிரிட்டனின் தலைமையில் ஐ.நா. பாதுகாப்பு அவை முதன்முறையாகக் காலநிலை குறித்து விவாதித்தது.

அன்று முஸ்லிம் அறிஞர் ஒருவர் மேடையில் நின்று வினாத் தொடுத்தார். இன்றோ சூடானும் சிரியாவும் யெமனும் பாகிஸ்தானும் அம்மேடையின் திரையில் சிவப்பு வண்ணம் பூசிய வரைபடங்களாகத் தோன்றுகின்றன. நெருக்கடியை உண்டாக்கிய சமுதாயம் நோயாளி என்னும் நிலையிலிருந்து மருத்துவர் நிலைக்கு ஏறிவிட்டது.

இரண்டு சான்றுகள்

இம்மேடைகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் சான்றுகள் இரண்டு: தார்ஃபூர், சிரியா. இரண்டையும் சற்று விரிவாக நோக்குவது தகும்.

2007 ஜூனில் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி-மூன் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளேட்டில் எழுதிய கட்டுரையில், தார்ஃபூர் மோதலின் வேர்களுள் ஒன்றாகக் காலநிலை மாற்றத்தைக் குறிப்பிட்டார். ஆனால் 2008இல் கெவேன், கிரே ஆகிய ஆய்வாளர்கள் மழைப்பதிவுகளைப் பரிசோதித்தபோது, பெரும் மழைக்குறைவு 1970களின் தொடக்கத்திலேயே நேர்ந்துவிட்டதையும், 2003இல் போர் வெடிப்பதற்கு முந்திய முப்பதாண்டுகளில் தொடர்ந்த சரிவு ஏதும் இல்லாததையும் கண்டனர். சூடானை நெடுங்காலம் ஆய்ந்த அலெக்ஸ் டி வால், வறட்சியைத் தார்ஃபூர் மக்கள் பலமுறை சமாளித்தவர்கள் என்றும், அரசு ஆயுதக் குழுக்களை ஏவிவிட்டதே பேரழிவின் காரணம் என்றும் வாதிட்டார்.

சிரியாவின் கதை இன்னும் விளக்கமானது. 2015 மார்ச்சில் கெல்லியும் நால்வரும் இணைந்து அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரை, சிரியாவில் 2006-07இல் தொடங்கிய கடும் வறட்சிக்கும் மனிதரால் நேர்ந்த காலநிலை மாற்றத்துக்கும் தொடர்பு கண்டது. பதினைந்து இலட்சம் பேர் கிராமங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர் என்றும், அந்நெருக்கடி 2011 எழுச்சிக்குப் பங்களித்தது என்றும் அது கூறியது. வறட்சி மட்டுமே போருக்குக் காரணம் என்று அவர்கள் எழுதவில்லை. ஆயினும் கட்டுரை மேடைக்கு வந்தபோது அந்த எச்சரிக்கை உதிர்ந்துபோயிற்று. 2015 மே மாதம் அமெரிக்கக் கடலோரக் காவற்படைக் கழகத்தின் பட்டமளிப்பு விழாவில், அன்றைய அதிபர் ஒபாமாவே சிரிய அமைதியின்மைக்கு வறட்சி எண்ணெய் வார்த்தது என்னும் கருத்தை முன்வைத்தார்.

2017இல் ஜான் செல்பி, ஒமர் டாஹி, கிறிஸ்டியானே ஃப்ரோலிக், மைக் ஹியூம் ஆகியோர் இவ்வாதத்தின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தனர். பதினைந்து இலட்சம் என்னும் எண்ணிக்கை தாங்காது எனவும், பெயர்ந்து வந்தோர் தொடக்கக்காலப் போராட்டங்களை நடத்தினர் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை எனவும் அவர்கள் காட்டினர். 2008இல் டீசல் மானியம் வெட்டப்பட்டதும், அடுத்த ஆண்டே உர மானியம் குறைக்கப்பட்டதும் உழவரை வறட்சிக்கு நிகராக வதைத்தன. 2011 மார்ச்சில் தர்ஆ நகரில் எழுச்சியைத் தூண்டியதும் மழையின்மை அன்று. சுவரில் எழுதிய பள்ளிச் சிறுவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்த அரசின் கொடுமையே மக்களைத் தெருவுக்கு அழைத்தது.

இவ்விரு சான்றுகளிலும் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. கொடுங்கோலன் பின்னே நகர்கிறான். வானம் முன்னே வந்து நிற்கிறது. கொல்லப்பட்டவர்கள் உரிமை கேட்ட குடிமக்களாக அல்லாமல், நீருக்குத் தவித்து நிலைகுலைந்த கூட்டமாகச் சித்திரிக்கப்படுகின்றனர். இது கணக்குப் பிழையோடு நிற்பதன்று. மாண்டவர்க்கு இழைக்கப்படும் அநீதியும் ஆகும்.

ஃபிக்ஹு தரும் அளவுகோல்

காரணத்தையும் பொறுப்பையும் பிரித்தறிவதில் நம் சட்ட மரபு நுட்பமான பயிற்சி உடையது. தீங்கை நேரே செய்தவரை ‘முபாஷிர்’ என்றும், அதற்கு வழியமைத்தவரை ‘முதஸப்பிப்’ என்றும் ஃபுகஹாக்கள் வகுத்தனர். உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட மஜல்லாவின் 90ஆம் விதி, இருவரும் ஒருங்கே இருக்கும்போது தீர்ப்பு நேரே செய்தவர்மீதே சாரும் என்கிறது. வழியமைத்தவர் வேண்டுமென்று செய்தாலன்றி ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் ஆகார் என்பது 93ஆம் விதியின் சாரம். இவ்விதிகளை மார்க்கத் தீர்ப்பாக அன்று, சிந்தனைக்குரிய அளவுகோலாகவே இங்கு எடுத்தாள்கிறோம்.

தர்ஆவில் சுட்டவன் இருக்கிறான், சுடச் சொன்னவன் இருக்கிறான். முபாஷிர் கண்முன் நிற்கையில் வறட்சியைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது முறையன்று. ஆனால் இதே அளவுகோல் மறுபுறமும் வெட்டும். 2022இல் பாகிஸ்தானை மூழ்கடித்த வெள்ளம் 3 கோடியே 30 இலட்சம் பேரைத் தாக்கியது; 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகின் பசுமை இல்ல வாயு உமிழ்வில் அந்நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. வடிகால்களைப் பேணாத, ஆற்றுப்படுகைகளில் கட்டடங்களை அனுமதித்த உள்நாட்டு நிர்வாகத்தின் பொறுப்பு ஒருபுறம் இருக்க, அம்மழையைக் கடுமையாக்கிய வெப்பத்திற்கு வழியமைத்தோர் யார் என்ற வினாவும் எழுகிறது. 1988 ஜூனில் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்கச் செனட் குழுவின் முன் சாட்சியமளித்தார். 1992இல் ரியோ மாநாட்டில் உலக நாடுகள் காலநிலை உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதன்பின் ‘அறியாமல் செய்தோம்’ என்னும் வாதம் எவர்க்கும் எஞ்சவில்லை. எங்கே வழியமைத்தவரின் பொறுப்பைப் பேசவேண்டுமோ அங்கே மௌனமும், எங்கே நேரே செய்தவனைப் பேசவேண்டுமோ அங்கே வானிலையும் என்று மாறி அமைந்ததே இக்கருத்தரங்குகளின் முதன்மைக் குறை.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய ‘முகத்திமா’வின் தொடக்கப் பகுதியில் தட்பவெப்ப மண்டலங்களையும் மனித வாழ்வில் அவற்றின் தாக்கத்தையும் விரிவாக ஆராய்கிறார். அவருடைய சில முடிவுகளை இன்று நாம் ஏற்பதற்கில்லை. எனினும் நாகரிகம் அழிவது எதனால் என்னும் இடத்திற்கு வரும்போது, அவர் காலநிலையைச் சுட்டாமல் ‘ளுல்ம்’ என்னும் அநீதியையே சுட்டுகிறார். பொருளைப் பறித்தலும் கட்டாய உழைப்பும் மக்களின் ஊக்கத்தைக் கெடுத்து ஊரைப் பாழாக்கும் முறையைத் தனி அத்தியாயத்தில் விளக்குகிறார். வானத்தை அறிந்த ஒருவர் அரசனை மறக்கவில்லை என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

மேடை ஏறாத செய்திகள்

‘எரிசக்திப் பாதுகாப்பு’ என்னும் சொல்லின் பிறப்பிடம் முஸ்லிம் நிலமே. பிரித்தானியக் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியபோது, 1914இல் அந்நாட்டு அரசு ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. அந்த எண்ணெயை 1951இல் நாட்டுடைமையாக்கிய முஸத்திக்கின் அரசு 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரித்தானிய உளவுத்துறைகளின் துணையோடு கவிழ்க்கப்பட்டது. வளைகுடாவைக் கைப்பற்ற முனையும் எந்த வெளிச்சக்தியையும் படைகொண்டு தடுப்போம் என்று 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் அறிவித்தார். இவ்வரலாற்றை விட்டுவிட்டு மேற்காசியாவின் நிலையின்மையைப் பேசுவது, அடித்தளத்தை மறைத்துவிட்டு விரிசலை ஆராய்வது போன்றது.

ஆங்கிலோ-பெர்ஷியனின் வழித்தோன்றலான பி.பி. நிறுவனமே, 2000இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கரியுமிழ்வுத் தணிப்பு ஆய்வுத் திட்டத்திற்கு நிதியளித்தது. ஸ்டான்ஃபோர்டில் 2002இல் தொடங்கிய இத்தகையதொரு திட்டத்தின் முதன்மைப் புரவலர் எக்ஸான்மொபில். இதனால் ஆய்வு முடிவுகள் விலைபோயின என்று கூறுவது அறமாகாது. கைவசமுள்ள தொழில்நுட்பங்களைக் கொண்டே உமிழ்வைக் கட்டுப்படுத்தலாம் என்று 2004இல் பக்காலாவும் சோக்கலோவும் எழுதிய பயன்மிக்க கட்டுரை பிரின்ஸ்டனிலிருந்தே வந்தது. ஆனால் புரவலர் விடையை மாற்றவேண்டியதில்லை. சில வினாக்கள் கேட்கப்படாமல் போனாலே போதும்.

அவ்வாறு கேட்கப்படாத வினாக்களுள் தலையாயது இது: காலநிலை மாற்றம் படைகளுக்கு என்ன செய்யும் என்று கேட்போர், படைகள் காலநிலைக்கு என்ன செய்கின்றன என்று ஏன் கேட்பதில்லை? இதைக் கேட்டவரும் ஒரு பல்கலைக்கழக அறிஞரே என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். நேட்டா கிராஃபோர்ட் 2019இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச்செலவு ஆய்வுத் திட்டத்திற்காக எழுதிய அறிக்கை, உலகில் மிகுந்த அளவு பெட்ரோலியம் நுகரும் தனி நிறுவனம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே என்று காட்டியது. 2001 முதல் 2017 வரை அத்துறையின் உமிழ்வு ஏறத்தாழ 120 கோடி டன். 1997இல் கியோட்டோவில் பன்னாட்டுப் படைநடவடிக்கைகளின் உமிழ்வு நாட்டுக் கணக்குகளிலிருந்து விலக்கப்பட்டது. 2015இன் பாரிஸ் உடன்படிக்கையும் படைத்துறை உமிழ்வைத் தனியே அறிவிப்பதைக் கட்டாயமாக்கவில்லை. உலகக் கணக்கேட்டில் துப்பாக்கி ஏந்தியவனுக்கு மட்டும் ஒரு பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

பாதுகாப்பு என்னும் மொழியில் சொன்னால்தான் அரசுகள் செவிமடுக்கும் என்று இக்கருத்தரங்குகளின் ஆதரவாளர்கள் கூறுவர். எளிதில் தள்ளிவிட இயலாத வாதம் இது. ஆனால் அனுபவம் அதற்குத் துணைநிற்கவில்லை. காலநிலையைப் பாதுகாப்பு அவையின் பணியில் சேர்க்க அயர்லாந்தும் நைஜரும் கொணர்ந்த தீர்மானம் 2021 டிசம்பரில் ரஷ்யாவின் மறுப்புரிமையால் வீழ்ந்தது. இந்தியாவும் எதிர்த்து வாக்களித்தது. 2025இல் அமெரிக்காவில் ஆட்சி மாறியதும் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையே காலநிலைப் பணிகளைக் கைகழுவத் தொடங்கியது. அச்சத்தை ஊட்டிப் பெற்ற அக்கறை, வேறோர் அச்சம் வந்ததும் அகன்றுவிட்டது.

நம் பக்கக் கணக்கு

பிறரைக் கணக்குக் கேட்பவர் தம்மையும் ‘முஹாஸபா’ என்னும் தற்கணக்கிற்கு உட்படுத்தவேண்டும். எம்.ஐ.டி.யில் பணியாற்றும் சூடானியப் பிறப்பினரான அல்ஃபாதிஹ் அல்தாஹிர், ஜெரமி பாலுடன் இணைந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, உமிழ்வு குறையாவிடில் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் வளைகுடாக் கரை நகரங்களின் வெப்பமும் ஈரமும் அவ்வப்போது மனித உடல் தாங்கும் எல்லையைக் கடக்கும் என்று எச்சரித்தது. 2024 ஜூனில் ஹஜ்ஜின்போது மக்காவின் வெப்பம் 50 பாகையைக் கடந்தது. 1,301 பேர் மாண்டதாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் அனுமதிச்சீட்டு இல்லாமையால் நிழலும் குளிரூட்டிய கூடாரமும் கிட்டாமல் வெயிலில் நடந்த ஏழைகள். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கச் சென்ற நம் மக்களும் அவ்வெயிலின் கீழ்தான் உழைக்கின்றனர்.

அந்நிலத்தின் ஆட்சியாளர்களோ எண்ணெய் ஏற்றுமதியின் காவலர்களாக உள்ளனர். 2023இல் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டிற்கு அபூதாபி எண்ணெய் நிறுவனத்தின் தலைவரே தலைமை வகித்தார். புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச்செல்ல வேண்டும் என்னும் சொற்கள் முதன்முதலாக அம்மாநாட்டில்தான் தீர்மானத்தில் இடம்பெற்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்களின் பிரகடனம், செல்வ நாடுகளையும் எண்ணெய் நாடுகளையும் சேர்த்தே பெயர்சுட்டி, நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் உமிழ்வை நிறுத்த முன்னிற்குமாறு கேட்டது. 2024 பிப்ரவரியில் நைரோபியில் வெளியிடப்பட்ட ‘அல்-மீஸான்’ ஆவணம், ‘மீஸான்’ என்னும் சமநிலையையும் ‘ஹிமா’ என்னும் பாதுகாக்கப்பட்ட நிலமரபையும் மீட்டெடுத்துப் பேசியது. இவை தமிழ் முஸ்லிம்களின் குத்பா மேடைகளை எந்த அளவு எட்டின என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

எனவே இக்கருத்தரங்குகளைப் புறக்கணிக்கும்படி நாம் கூறவில்லை. தார்ஃபூரின் மழைப்பதிவைத் தேடிப் படித்தவர்களும், சிரியாவின் எண்ணிக்கையைத் திருத்தியவர்களும், படைத்துறையின் எரிபொருளை அளந்தவர்களும் அக்கல்வி உலகிலிருந்தே வந்தனர். அவர்களின் உழைப்பைத் தமிழில் கொணர்வது முதற்பணி. முஸ்லிம் அறக்கட்டளைகள் நடத்தும் கலை அறிவியல் கல்லூரிகளும் அரபுக் கல்லூரிகளும் இணைந்து, வானிலை அறிஞரையும் ஃபிக்ஹு கற்ற ஆலிமையும் வளைகுடா வெயிலில் உழைத்துத் திரும்பிய தொழிலாளியையும் ஒரே மேடையில் அமர்த்துவது அடுத்த பணி. அங்கே முதல் வினாவை அந்தத் தொழிலாளி கேட்கட்டும்.